கண்ணீர் கொட்டுகிறது, ஆனால் கண் வறட்சி என்கிறார்கள்: அம்மாவுக்கு எந்தச் சொட்டு மருந்து நல்லது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அம்மாவுக்கு 58 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கல்யாணமான நாளிலிருந்து பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு வேலையை விட்டுவிட்டு, இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உங்களோடு இருக்கிறார். ஒரு வருடமாகக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல், எரிச்சல். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து டவுனுக்குப் போனால் கண்ணீர் கொட்டுகிறது. காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. இனிப்பு நீரும் (நீரிழிவு) ரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. கிளினிக்கில் கண் வறட்சி என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அது கேட்கவில்லை என்று பார்மசியில் இன்னும் இரண்டு வகை வாங்கினீர்கள். போட்டால் பத்து நிமிடம் சுகம், அப்புறம் பழையபடி. எந்தச் சொட்டு மருந்து நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால், அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: மூன்று மருந்து மாற்றியும் ஏன் தீரவில்லை? இவ்வளவு கண்ணீர் வரும் கண்ணைப் போய் வறட்சி என்கிறார்களே, நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார்களா? அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். அது தெளிவானால் சொட்டு மருந்துக் கேள்வி தானாகவே சின்னதாகிவிடும்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடி கொடுப்பவர். அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவில் சில வருடம், அதற்குப் பிறகு நீண்ட காலம் இதே மாதிரி ஒரு தோட்டத்து டவுனில் சொந்தக் கடை. கண் டாக்டர் இல்லை. அம்மாவின் கண்ணைப் பார்க்காமல் இன்னதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்து எந்தக் காரணத்தை முதலில் தேட வேண்டும், எதைத் தவறவிடக் கூடாது என்று சொல்ல முடியும்.

கருவிழியின்மேல் எப்போதும் ஒரு கண்ணீர்ப் படலம் பரவியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குதான் அதன் கனம். அந்த மெல்லிய படலத்தில் மூன்று பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. தண்ணீர்ப் பகுதி மேல் இமைக்குப் பின்னால் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து வருகிறது. கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் சவ்வு, சளி போன்ற ஒரு பொருளைச் சுரந்து அந்தத் தண்ணீரைக் கருவிழியில் ஒட்ட வைக்கிறது. மூன்றாவது எண்ணெய். இமை ஓரத்தில், இமை மயிருக்குச் சற்று உள்ளே, வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. மேல் இமையில் ஏறக்குறைய 30 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30. ஹைன்ரிஷ் மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவர் 1666-இல் இவற்றை விவரித்து எழுதினார். அவர் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறோம். ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் இமை லேசாக அழுத்த, கொஞ்சம் எண்ணெய் வெளியே வந்து கண்ணீரின் மேல் பரவுகிறது. கீழே இருக்கும் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் பார்த்துக்கொள்வது அந்த எண்ணெய்தான்.

இப்போது உங்கள் அம்மாவின் கண்ணீருக்கு வருவோம். எண்ணெய் போதாவிட்டால் படலம் சீக்கிரம் உடைந்து, கருவிழி அங்கங்கே வெறுமையாகக் காற்றில் படுகிறது. உடம்பிலேயே நரம்புகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழி ஒன்று. அது உறுத்தியதும் மூளை, கண்ணுக்குள் தூசி விழுந்ததாகவே எடுத்துக்கொண்டு கண்ணீர்ச் சுரப்பியை முழுவதுமாகத் திறந்துவிடுகிறது. அப்படி அவசரமாக வரும் கண்ணீர் பெரும்பாலும் தண்ணீர். கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிகிறது. கொஞ்ச நேரத்தில் கண் மறுபடியும் காய்கிறது. மோட்டார் சைக்கிளில் காற்று முகத்தில் அடிக்கும்போது கொட்டுவதும், டிவி முன்னால் உட்கார்ந்தால் வழிவதும் இதனால்தான். ஆகவே கிளினிக்கில் சொன்னது நம்பத்தகுந்ததுதான். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கண்ணீர் வடியும் எல்லாக் கண்ணும் வறண்ட கண் இல்லை. மூக்குக்குள் கண்ணீர் வடியும் குழாய் அடைபட்டாலும், கீழ் இமை தளர்ந்து வெளிப்பக்கம் திரும்பினாலும், ஒரு இமை மயிர் உள்பக்கமாக வளர்ந்து குத்தினாலும் கண்ணீர் வரும். ஒரு கண்ணில் மட்டும், காற்று இல்லாதபோதும் நாள் முழுக்க வழிந்தால் அந்தக் காரணங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அரிப்புதான் முக்கியமான தொல்லை என்றால் ஒவ்வாமையையும் நினைக்க வேண்டும். வறட்சியில் எரிச்சலும் உறுத்தலும் அதிகம், அரிப்பு குறைவு.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். நம் நாட்டில் காற்றே ஈரமாகத்தானே இருக்கிறது, இங்கே எப்படிக் கண் வறளும்? உறங்கும்போது முகத்துக்கு நேரே சுழலும் காற்றாடி, ஏர்கோன், கண் சிமிட்டாமல் பார்க்கும் ஹேண்ட்போன், இவை போதும். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 15 தடவை அளவில் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சிமிட்டுவதும் அரைகுறைதான், மேல் இமை கீழே வந்து தொடுவதில்லை. தொடாவிட்டால் எண்ணெய் வராது. வெளியே எவ்வளவு ஈரம் இருந்தாலும் இமை ஓரம் அடைபட்டவருக்குக் கண் காயத்தான் செய்யும். கண் வறட்சிக்காரர்களில் பெரும்பாலோருக்கு, தனியாகவோ மற்ற காரணங்களோடு சேர்ந்தோ, இந்த எண்ணெய்ச் சுரப்பி அடைப்பு இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதனால் முதலில் இமையைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் அம்மாவை மேலே பார்க்கச் சொல்லி, கீழ் இமையை லேசாக இழுத்து அதன் ஓரத்தைப் பாருங்கள். ஆரோக்கியமான இமை ஓரம் வழவழப்பாக, மெல்லியதாக இருக்கும். அடைப்பு இருந்தால் ஓரம் தடித்து, சிவந்து, மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடும். சுரப்பி வாய்களில் சின்னச் சின்ன வெள்ளை மூடிகள் தெரியலாம். இமை மயிரின் அடியில் பொடுகு மாதிரி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். காலையில் இமை ஒட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு இமை ஓர அழற்சியின் நினைவுதான் வந்தது. கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள், இமையைப் பற்றி யாராவது பேசினார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. மூன்று மருந்து மாற்றியும் கேட்காததற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சொட்டு மருந்து தண்ணீரைத் தருகிறது, அம்மாவுக்குக் குறைவது எண்ணெயாக இருக்கலாம்.

இதற்கு மருந்தைவிட முக்கியமானது வெந்நீர் ஒத்தடம். எல்லாரும் ஒத்தடம் கொடுத்தோம் என்பார்கள், விசாரித்தால் ஒரு நிமிடம் துண்டை வைத்து எடுத்திருப்பார்கள். அது போதாது. அடைபட்ட சுரப்பியில் எண்ணெய் ஏர்கோன் அறையில் வைத்த நெய்யைப்போல உறைந்து கிடக்கிறது. அது இளக இமைக்கு ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் சூடு சில நிமிடம் விடாமல் கிடைக்க வேண்டும். நனைத்த துண்டு இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். அதனால் பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் கலந்து சூட்டைச் சரிபண்ணி, இரண்டு துண்டை மாற்றி மாற்றி வையுங்கள். மூடிய கண்ணின்மேல் மொத்தம் 5 முதல் 10 நிமிடம். காலையும் இரவும் செய்தால் நல்லது, முடியாவிட்டால் ஒரு வேளையாவது விடாமல் செய்யுங்கள். இனிப்பு நீர் இருப்பவர்களுக்குக் கையில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சூடு தெரியாமல் தோலைச் சுட்டுக்கொள்வார்கள். ஆகவே துண்டின் சூட்டை நீங்களே உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். அரிசி கட்டிய பையை மைக்ரோவேவில் சூடாக்கிச் செய்பவர்கள் உண்டு. சூடு அதிக நேரம் நிற்கும், ஆனால் ஒரு பக்கம் அளவுக்கு மேல் சூடாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. கடையில் விற்கும் கண் ஒத்தட முகமூடி அதைவிடப் பாதுகாப்பு.

ஒத்தடம் முடிந்த உடனே, எண்ணெய் இளகியிருக்கும்போதே, சுத்தமான விரலால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெல்ல வருடிவிட வேண்டும். கண் உருண்டையை அழுத்தக் கூடாது, இமையை மட்டும்தான். கடைசியில், கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சாலோ, பார்மசியில் கிடைக்கும் இமைத் துடைப்பான்களாலோ இமை மயிரின் அடியை ஒரு பக்கமிருந்து மறுபக்கமாகத் துடைத்துவிடுங்கள். முன்பெல்லாம் குழந்தை ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து துடைக்கச் சொல்வோம். அதுவும் கண்ணீர்ப் படலத்தைக் கொஞ்சம் கெடுக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொன்னதால் இப்போது நான் சொல்வதில்லை. இவ்வளவையும் செய்தால் ஒரு வாரத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். நான்கு முதல் ஆறு வாரம் விடாமல் செய்து பாருங்கள். குறைந்த பிறகும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் திரும்பி வரும். பல் துலக்குவதை யாரும் ஒரு மாதத்தோடு நிறுத்துவதில்லை அல்லவா.

இமை மயிர் அடியில் குழாய் மாதிரி சுற்றி ஒட்டிய பொடுகு தெரிந்தால் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணி காரணமாக இருக்கலாம். பெரியவர்கள் பலருக்கு இது இருக்கிறது, எல்லாருக்கும் தொல்லை தருவதில்லை. இதற்கு டீ ட்ரீ எண்ணெய் நல்லது என்று இணையத்தில் படித்துவிட்டுப் பாட்டிலிலிருந்து அப்படியே தடவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சுத்த எண்ணெய் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். அதற்கென்று தயாரித்த, அளவு குறைத்த துடைப்பான்கள் இருக்கின்றன. டாக்டரிடமோ ஆப்டோமெட்ரிஸ்டிடமோ காட்டிவிட்டுத்தான் அதையும் வாங்க வேண்டும்.

சரி, சொட்டு மருந்து. செயற்கைக் கண்ணீரில் எத்தனையோ பெயர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் கார்பாக்ஸி மீத்தைல் செல்லுலோஸ், ஹைப்ரோமெல்லோஸ், சோடியம் ஹையலூரோனேட் இவற்றில் ஒன்று. எது சிறந்தது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கடையில் சீட்டில்லாமல் வாங்கும் செயற்கைக் கண்ணீர்களுக்குள் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் அதில் வந்தது. ஆகவே விலை உயர்ந்ததைத் தேடி ஓட வேண்டாம். ஆனால் ஒரு வித்தியாசம் நிச்சயமாக முக்கியம். பாட்டில் மருந்துகள் பலவற்றில் கிருமி வராமல் இருக்க பென்சால்கோனியம் குளோரைடு என்ற பாதுகாப்புப் பொருள் சேர்க்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் போட்டால் அதுவே கருவிழியையும் சவ்வையும் புண்படுத்துகிறது. வறட்சிக்குப் போடும் மருந்து வறட்சியைக் கூட்டிவிடும். அம்மா அடிக்கடி போடுபவர் என்றால் பாதுகாப்புப் பொருள் இல்லாத, சின்னச் சின்னக் குப்பியாக வரும் வகையை வாங்குங்கள். விலை கூடத்தான், அந்தச் செலவு வீண் போகாது. எண்ணெய் கலந்த சொட்டுகளும் உண்டு. இமைச் சுரப்பி அடைபட்டவர்களில் சிலருக்கு அது ஒத்துவருகிறது. இரவில் ஜெல் அல்லது களிம்பு போட்டால் காலையில் எரிச்சல் குறையும், பார்வை கொஞ்ச நேரம் மங்கும். பாதுகாப்புப் பொருள் உள்ள பாட்டிலைத் திறந்து நான்கு வாரம் ஆனால் தூக்கிப் போடுங்கள்.

நீங்கள் பார்மசியில் வாங்கிய இரண்டின் பெயரையும் எழுதவில்லை. அந்தப் பெட்டிகளைத் திருப்பிப் படியுங்கள். டெட்ராஹைட்ரோசோலின், நாஃபாசோலின் என்று இருந்தால் அது சிவப்பை மறைக்கும் மருந்து. ரத்தக் குழாயைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாகக் காட்டும், நிறுத்தியதும் முன்பைவிடச் சிவக்கும், மறுபடியும் போடத் தோன்றும். இது கண் வறட்சிக்கான மருந்தே இல்லை, ரத்தக் கொதிப்பு உள்ளவர் அதை விட்டுவிடுவதுதான் நல்லது. பெட்டியில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் குறுகிய காலத்துக்குக் கொடுத்தால் நல்ல மருந்துதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்திருந்ததை வாங்கி மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், கண்புரை சீக்கிரம் வரும், கிருமிப் புண் இருந்தால் அது பெருகும். இந்த வகையால் பார்வையே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். போட்டதும் மந்திரம் மாதிரி குறைகிறது என்று சொல்லப்படும் சொட்டு மருந்து எதுவானாலும் பெட்டியைப் படிக்காமல் அம்மாவுக்குப் போடாதீர்கள்.

அடுத்தது அம்மா வாயால் சாப்பிடும் மருந்துகள். இதை நிறைய பேர் கேட்பதே இல்லை. சளி, அரிப்பு, தூக்கம் எதுவானாலும் பிரிட்டான் போடும் பழக்கம் நம் தோட்டத்து வீடுகளில் பரவலாக இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்) கையில் எப்போதும் இருந்த மாத்திரை. அந்த மாதிரி ஒவ்வாமை மாத்திரைகள் வாயையும் கண்ணையும் காயவைக்கும். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் சிறுநீர் மாத்திரைகள் இவையும் கண்ணீரைக் குறைக்கலாம். ரத்தக் கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். தேவையில்லாமல் தினமும் போடும் பிரிட்டானை மட்டும் குறைத்ததிலேயே கண் தெளிந்தவர்கள் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாற்றத்தால் கண் வறட்சி கூடுவது தெரிந்த விஷயம். அதற்காக ஹார்மோன் மாத்திரை எடுப்பது பலன் தருமென்று சொல்ல முடியாது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு வறட்சி அதிகமானதாகவே ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது.

இனிப்பு நீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-இல் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் இந்நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அது காலிலும் கையிலும் நரம்பைக் கெடுப்பதுபோலக் கருவிழி நரம்பையும் மந்தமாக்குகிறது. உணர்ச்சி குறைந்தால் கண்ணீர் வர வேண்டும் என்ற செய்தியே மூளைக்குச் சரியாகப் போகாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: கருவிழியில் புண் இருந்தும் வலி அதிகம் தெரியாமல் போகலாம். ஆகவே அம்மாவுக்கு வலி அதிகம் இல்லை என்பதை வைத்துச் சின்ன விஷயம் என்று முடிவு செய்யாதீர்கள். கிளினிக்கில் வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் விழித்திரைப் படம் வேறு சங்கதி. அது கண்ணின் பின்பக்கத்துக்கு. அது சரி என்று வந்ததால் முன்பக்கமும் சரி என்று அர்த்தமில்லை, இரண்டையும் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கண்ணோடு வாயும் வறண்டு, காய்ந்த ரொட்டியைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாமல், மூட்டு வலியும் களைப்பும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியானால் ஸ்யோகிரன் நோயைச் சோதிக்க வேண்டும். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஸ்யோகிரன் 1933-இல் இதை விரிவாக எழுதினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகிற நோய் இது. பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வருகிறது. பரவலான நோய் இல்லை. ஆனால் இருந்தால் ரத்தப் பரிசோதனையும் மூட்டு நோய் நிபுணரின் கண்காணிப்பும் வேண்டும். சிலருக்குப் பின்னால் நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. மூட்டு வலி வயதானால் வருவதுதான் என்று அம்மாவே சொல்லாமல் விட்டிருப்பார், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தோட்டத்து வாழ்க்கையின் பங்கு என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். விடியற்காலை இருட்டில் இடுப்பில் கொசுவத்தியைக் கட்டிக்கொண்டு பால் வெட்டியவர்கள் கண்ணில் எத்தனை வருடம் அந்தப் புகை பட்டிருக்கும்! விறகடுப்புப் புகை, பால் கெட்டுப்போகாமல் இருக்க ஊற்றும் அமோனியா, பாலை உறைய வைக்கும் ஆசிட்டின் நெடி, தலைக்கு நேரே நிற்கும் வெயில். புகையும் நெடியும் கண்ணை எரிய வைக்கும், கண்ணீர்ப் படலத்தைக் கெடுக்கும், அது உறுதி. ஆனால் விட்டுப் பல வருடம் ஆன பிறகு இன்றைய வறட்சிக்கு அன்றைய புகைதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வெயிலின் அடையாளம் ஒன்று நிச்சயமாகத் தெரியும்: மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கி வளரும் சதை. வெளியில் வேலை செய்தவர்கள் கண்ணில் அதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த மேடு இருக்கும் இடத்தில் கண்ணீர் சமமாகப் பரவாது, பக்கத்தில் காயும். அம்மாவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதும் வீட்டில் கொசுவத்தியோ சாம்பிராணியோ மூடிய அறையில் புகைந்தால் அதை நிறுத்தலாம். 1997, 2015 போலப் புகைமூட்டம் வரும் வருடங்களில் அம்மாவை வெளியே அனுப்பாதீர்கள். மோட்டார் சைக்கிளில் கண்ணாடி இறக்கிய ஹெல்மெட், இல்லாவிட்டால் பக்கம் மூடிய கண்ணாடி. காற்றாடியை முகத்திலிருந்து கால் பக்கம் திருப்புங்கள். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

தோட்டத்தில் இன்னமும் வேலை செய்யும் சொந்தக்காரர்கள் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள். செம்பனை மட்டையோ, முள்ளோ, லாலாங் புல்லோ கண்ணில் பட்டு, ஓரிரு நாளில் சிவப்பு, வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி என்று வந்தால் அது வறட்சி இல்லை. செடி கொடியால் படும் காயத்தில் பூஞ்சைக் கிருமி புகுந்து கருவிழியைத் தின்றுவிடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பூச்சி மருந்தோ களை மருந்தோ அடிக்கும்போது கண்ணில் தெறித்தால் முதலில் குழாயைத் திறந்து குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

நந்தியாவட்டைப் பூவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மூடிய இமையின்மேல் பூவை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், அதில் தப்பில்லை. பூவைப் பிழிந்து சாறு விடுவது, தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் விடுவது இவை வேண்டாம். கிருமி இல்லாமல் சுத்திகரிக்காத எதையும் கண்ணுக்குள் விடக் கூடாது. வறண்ட கருவிழியில் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும், கிருமிக்கு அது வாசல். பாட்டி காலத்தில் எல்லாரும் விட்டார்கள் என்பார்கள். அந்தக் காலத்தில் பார்வை போனவர்களும் இருந்தார்கள். பொன்னாங்கண்ணி, முருங்கைக் கீரை தாராளமாகச் சாப்பிடட்டும். வைட்டமின் ஏ குறைந்தால் கண் வறளும் என்பது உண்மைதான், ஆனால் அது சத்துக் குறைவான குழந்தைகளிடமும், குடல் நோயால் சத்து சேராதவர்களிடமும் பார்ப்பது. ஓரளவு நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்குக் கீரையால் மட்டும் இந்த வறட்சி தீராது.

சந்தேகத்துக்கு இடமான இரண்டு மூன்று விஷயங்கள். மீன் எண்ணெய் மாத்திரை: ட்ரீம் என்ற அமெரிக்க ஆய்வில் 535 பேருக்கு ஒரு வருடம் ஒமேகா 3 மாத்திரையோ ஆலிவ் எண்ணெய் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் வந்த முடிவில் இரண்டு பிரிவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வேறு சில சின்ன ஆய்வுகள் பலன் உண்டு என்கின்றன. என் கருத்தில், அந்தக் காசைப் பாதுகாப்புப் பொருள் இல்லாத சொட்டு மருந்துக்குச் செலவிடலாம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரம் 20 விநாடி பார்ப்பது: கேடு இல்லை, ஆதாரம் குறைவு. அதைவிட, ஹேண்ட்போன் பார்க்கும்போது அவ்வப்போது கண்ணை முழுசாக மூடித் திறக்கச் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனைகளில் இமைக்கு ஒளிக்கதிர் சிகிச்சை, சூடேற்றும் கருவி என்று பெரிய தொகை கேட்கிறார்கள். சிலருக்குப் பலன் தருகிறது, ஆய்வுகளின் தரம் கலவையாக இருக்கிறது. ஆறு வாரம் ஒழுங்காக ஒத்தடம் கொடுத்துப் பார்க்காமல் அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

இவ்வளவுக்கும் கேட்காவிட்டால் இன்னும் வழிகள் இருக்கின்றன. வறட்சியில் கண்ணீரின் உப்புச் செறிவு கூடி, அது அழற்சியை உண்டாக்கி, அழற்சி மறுபடியும் கண்ணீரைக் கெடுக்கிறது. இந்தச் சுழல்தான் நோயின் மையம் என்று உலக நிபுணர்கள் கூடி 2017-இல் வெளியிட்ட டெவ்ஸ் இரண்டாம் அறிக்கை சொல்கிறது. அதை உடைக்கச் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து உண்டு. போடும்போது எரியும், பலன் தெரிய மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். இது தெரியாமல் இரண்டாவது வாரமே நிறுத்திவிடுபவர்கள் நிறைய. இமை அழற்சிக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை குறைந்த அளவில் சில வாரம் கொடுப்பார்கள். தண்ணீர்ப் பகுதியே குறைந்தவர்களுக்குக் கண்ணீர் வடியும் ஓட்டையில் சின்ன அடைப்பான் வைப்பார்கள், உள்ளதைத் தங்க வைப்பதற்காக. இவை கண் டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இது. ஒத்தடத்தை இன்றே தொடங்குங்கள். கிளினிக்கில் ஒரு வருடத் தொல்லை, இனிப்பு நீர், மூன்று மருந்து கேட்கவில்லை என்று மூன்றையும் சொல்லி, ஈப்போ பெரிய மருத்துவமனைக் கண் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே மஞ்சள் சாயம் விட்டு நீல ஒளியில் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று பார்ப்பார்கள், பத்து விநாடிக்குள் உடைந்தால் குறைவு. கீழ் இமையில் தாள் துண்டை ஐந்து நிமிடம் வைத்துக் கண்ணீரை அளப்பார்கள், ஐந்து மில்லிமீட்டருக்குள் நனைந்தால் தண்ணீரே குறைவு என்று பொருள். இமைச் சுரப்பியை அழுத்தி எண்ணெய் எப்படி வருகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள், நேரம் இல்லாவிட்டால் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தால் வறட்சியை முதலில் சரிபண்ணுங்கள். வறண்ட கருவிழியில் எடுக்கும் அளவு தவறாகி, பொருத்தும் லென்ஸின் எண் மாறிப்போகலாம். கண் பிரிவுக்குச் சோதனைக்குப் போகும் நாளில் காலையிலிருந்து எந்தச் சொட்டும் விடாமல் கூட்டிப்போங்கள். ஆனால் கண் அழுத்தத்துக்கு மருந்து விடுபவர் என்றால் அதை நிறுத்தக் கூடாது. வீட்டில் இருக்கும் எல்லாச் சொட்டு மருந்தையும், பிரிட்டான் உட்பட எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் வையுங்கள். நடுவில் பார்வை திடீரென்று மங்கினாலோ, ஒரு கண் மட்டும் கடுமையாக வலித்துச் சிவந்தாலோ, அந்த நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.